மராக்கேஷ் நகரும் தூப்கால் மலையும்: முதல்முறை செல்வோருக்கான வழிகாட்டி

மொராக்கோவில் தூப்கால் மலையேற்றம் தொடங்கும் இம்லில் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து சோதனைச் சாவடியை அடைந்தபோது, அங்கிருந்த காவலர் என் கையிலிருந்த கடவுச்சீட்டு நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அசல் எங்கே என்று கேட்டார். அசல் 65 கிலோமீட்டர் தொலைவில், மராக்கேஷில் நான் தங்கியிருந்த அறையின் பெட்டகத்தில் இருந்தது. மலையில் தொலைந்துவிடக் கூடாதே என்று நானே வைத்துப் பூட்டியிருந்தேன். முந்தின இரவு வழிகாட்டி "பாஸ்போர்ட் இருக்கிறதா" என்று கேட்டபோது, நகலை நினைத்துக்கொண்டு இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். திரும்பி இறங்கி, டாக்சி பிடித்து நகருக்குப் போய், மறுநாள் மீண்டும் மேலே வந்ததில் ஒரு முழு நாளும், மொராக்கோ நாணயத்தில் ஏறத்தாழ 1,000 திர்ஹாமும் போயின. வீணான அந்த நாளுக்கும் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்தேன். அவர் மலைக்கு வரத் தயாராகத்தான் நின்றார்.

இந்த ஒரு நாளை இழந்ததால்தான் இதை எழுதுகிறேன். மராக்கேஷில் இரண்டு அல்லது மூன்று நாள், தூப்கால் இருக்கும் உயர் அட்லஸ் மலையில் மூன்று நாள் என்று திட்டமிடுகிறவர்களுக்கு, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே தருகிறேன். தொகைகள் நான் கொடுத்தவை. நீங்கள் போகும்போது சற்றுக் கூடியிருக்கலாம். கணக்குக்கு ஒரு திர்ஹாமை ஏறத்தாழ 9 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. பயணச்சீட்டுக்கு முன் மாதத்தைத் தீர்மானியுங்கள்

நகருக்கு உகந்த காலமும் மலைக்கு உகந்த காலமும் ஒன்றல்ல. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மராக்கேஷில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம்; அதே நாட்களில் 4,167 மீட்டர் உயரமுள்ள தூப்கால் உச்சியில் விடியற்காலை கம்பளிக் குல்லாய் இல்லாமல் நிற்க முடியாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் இறுதி வரை மலையின் மேற்பகுதியில் பனி கிடக்கும். அந்த மாதங்களில் போனால் காலணியின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களும் பனிக்கோடரியும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். பனியில் நடந்து பழக்கமில்லாதவர்கள் ஜூன் மாதத்தையோ, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரையிலான காலத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

ரமலான் மாதம் எப்போது வருகிறது என்றும் பாருங்கள். அது ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். அந்த மாதத்தில் பகலில் உணவகங்கள் பல மூடியிருக்கும், நோன்பிருக்கும் வழிகாட்டியும் சுமை ஏற்றிவரும் கோவேறு கழுதைக்காரரும் உங்களோடு ஏற வேண்டியிருக்கும். இன்னொரு சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. மொராக்கோ நேரம் மற்ற மாதங்களில் இந்திய நேரத்துக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ரமலானில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். அந்த மாற்றம் நிகழும் நாளில் விமானமோ ரயிலோ இருந்தால், கைபேசி காட்டும் நேரத்தை மட்டும் நம்பாமல் தங்குமிடத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

2. விசா

மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தேவை. "அக்சே மரோக்" என்ற அரசு இணையதளத்தில் மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் நாடு எது, ஐரோப்பிய செங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டன் விசா ஏதும் கையில் உள்ளதா என்று அந்தத் தளம் கேட்டு, நீங்கள் தகுதியுள்ளவரா என்பதை முதலிலேயே சொல்லிவிடும். கட்டணம் செலுத்தும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். அதே தோற்றத்தில் அமைந்த தனியார் தளங்கள் பல உள்ளன. அவை அதே விசாவுக்கு இரண்டு மடங்கு வாங்கும்.

நான் விண்ணப்பித்தபோது சாதாரணக் கட்டணம் 770 திர்ஹாம், அவசரக் கட்டணம் 1,100 திர்ஹாம். சாதாரண விண்ணப்பத்துக்கு 72 மணி நேரம் என்று சொல்லப்பட்டாலும் அது வேலை நாட்களில் கணக்கிடப்படுகிறது; வார இறுதி குறுக்கிட்டால் ஒரு வாரம்கூட ஆகலாம். விசா கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நுழையலாம், 30 நாட்கள் தங்கலாம். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவதில் இழப்பு ஏதுமில்லை.

தமிழ்ப் பெயர் கொண்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கும், அல்லது தலைப்பெழுத்தின் விரிவாக அப்பாவின் பெயர் முன்னாலோ பின்னாலோ வந்திருக்கும். விண்ணப்பத்தில் உங்கள் விருப்பப்படி பெயரைப் பிரித்து எழுதாதீர்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகளாக அமைந்த எழுத்துக் கோவையில் பெயர் எந்த வரிசையில் வருகிறதோ, அதே வரிசையில் விசாவிலும் விமானச் சீட்டிலும் இருக்கட்டும். எனக்கு இந்த முரண்பாட்டைத் திருத்துவதற்கே பத்து நாட்கள் ஆயின.

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாவைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். ட்ரோன் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள். முன் அனுமதியின்றிக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

3. காப்பீடு

பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன் என்ற நிம்மதியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பத்திரத்தில் மலையேற்றம் பற்றிய பிரிவைத் தேடிப் படியுங்கள். பல காப்பீடுகள் 3,000 அல்லது 4,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. தூப்கால் 4,167 மீட்டர் என்பதால், 4,000 மீட்டர் வரை என்று எழுதியிருக்கும் காப்பீடு சரியாக உச்சிக்குக் கீழே கைவிட்டுவிடும். கூடுதல் தொகை கட்டி உயரவரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள். மலையில் கால் பிசகியவரைப் பெரும்பாலும் கோவேறு கழுதையின் முதுகில்தான் கீழே கொண்டுவருகிறார்கள். அந்தச் செலவும் மருத்துவச் செலவும் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

4. பணம்

திர்ஹாமை ஊரிலிருந்தே வாங்கிப் போக முடியாது. நாட்டுக்குள்ளும் வெளியிலும் ஒருவர் 2,000 திர்ஹாம் வரை மட்டுமே கொண்டுசெல்லலாம். இந்திய ரூபாயை மாற்றுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், யூரோவைக் கொண்டுசெல்லுங்கள். ஏடிஎம்களில் பெரும்பாலும் ஒரு முறைக்கு 2,000 திர்ஹாம்தான் வரும். உள்ளூர் வங்கியும் உங்கள் வங்கியும் தனித்தனியே கட்டணம் பிடிக்கும்.

மலைக்குத் தேவையான முழுத் தொகையையும் மராக்கேஷிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி, கழுதைக்காரர், உச்சிக்குக் கீழே இரவு தங்கும் மலை விடுதி, டாக்சி எல்லாமே ரொக்கம்தான். 200 திர்ஹாம் தாளுக்குச் சில்லறை மலையில் கிடைப்பது அரிது. 20, 50 தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பணம் மாற்றும்போது தரும் ரசீதை எறிந்துவிடாதீர்கள், கடைசி நாளில் அது வேண்டியிருக்கும்.

5. நகருக்குள் நுழைதல்

இந்தியாவிலிருந்து மராக்கேஷுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகர் ஒன்றில் மாறிக் காசாபிளாங்காவில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் போவதுதான் பலருக்கும் வசதி. காசா வோயாஜர் நிலையத்திலிருந்து மராக்கேஷுக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நேராக மராக்கேஷ் மெனாரா விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு 19ஆம் எண் பேருந்து உண்டு. 30 திர்ஹாம் கொடுத்தால் பழைய நகரின் நடுவிலுள்ள ஜமா எல் ஃப்னா சதுக்கத்துக்கு அருகில் இறக்கிவிடும்.

பழைய நகரான மதீனாவில் பெரும்பாலான சந்துகளில் கார் நுழையாது. உங்கள் டாக்சி ஏதோ ஒரு வாசலில் நின்றுவிடும், அங்கிருந்து தங்குமிடமான ரியாத் வரை நடக்க வேண்டும். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொள்ள ஒருவர் வருவார். பெட்டியை வைக்கும் முன் கூலியைப் பேசிவிடுங்கள். 20 அல்லது 30 திர்ஹாம் போதும். இதைவிட நல்ல வழி, வந்து அழைத்துச் செல்லுமாறு ரியாத்துக்கு முன்கூட்டியே செய்தி அனுப்புவது. இரவில் முதல்முறையாக அந்தச் சந்துகளில் தனியே வழி தேடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உயர்ந்த சுவர்களுக்கிடையே கைபேசி வரைபடம் உங்களை அடுத்த சந்தில் காட்டும்.

ரியாத்தில் ஒரு பதிவுப் படிவம் தருவார்கள். அதில் கேட்கும் நுழைவு எண், குடிவரவு அதிகாரி உங்கள் கடவுச்சீட்டில் இட்ட முத்திரையோடு இருக்கும். முத்திரை எந்தப் பக்கத்தில் உள்ளது என்று விமான நிலையத்திலேயே பார்த்துக்கொண்டால், ஒவ்வொரு விடுதியிலும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. அறைக் கட்டணத்தோடு ஆளுக்கு, இரவுக்கு என்று சுற்றுலா வரியும் சேரும்.

6. நகரில் இரண்டு நாள்

சதுக்கம், சந்தைகள், பாஹியா அரண்மனை, சஅதி அரச வம்சக் கல்லறைகள், பென் யூசுஃப் மதரஸா எல்லாம் நடை தூரத்தில் உள்ளன. மஜோரெல் தோட்டத்துக்கு மட்டும் நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்க வேண்டும். தொழுகை நடக்கும் பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய முடியாது என்பதால் குத்துபியா பள்ளிவாசலை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் சந்தைக் கடைகள் பல மூடியிருக்கும்.

சந்தில் நடக்கும்போது ஓர் இளைஞர் "இந்த வழி மூடியிருக்கிறது, சதுக்கம் அந்தப் பக்கம்" என்பார். பெரும்பாலும் வழி மூடியிருக்காது. அவரைப் பின்தொடர்ந்தால் தோல் பதனிடும் இடத்திலோ கடையிலோ போய் முடியும், பிறகு பணம் கேட்பார். "லா, ஷுக்ரான்" (வேண்டாம், நன்றி) என்று ஒரு முறை சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். சதுக்கத்தில் பாம்பையும் குரங்கையும் படமெடுத்தாலும் மருதாணிக்குக் கையை நீட்டினாலும் பணம் கேட்பார்கள்; வேண்டாம் என்றால் அருகில் போகாமலிருப்பதே நல்லது.

சிறு டாக்சிகள் மண் நிறத்தில் இருக்கும், மூன்று பேர் வரைதான் ஏறலாம். ஏறும் முன் "கோம்த்தர்" என்று மீட்டரைச் சுட்டிக்காட்டுங்கள். போட மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள். இரவில் மீட்டர் தொகைக்கு மேல் பாதி கூடுதலாகக் கேட்பது விதிப்படியானதே, அதற்குச் சண்டை வேண்டாம்.

சைவ உணவு உண்பவர்களுக்கு: மண்சட்டியில் வேகவைத்த காய்கறித் தஜீனும் ஹரீரா சூப்பும் பார்வைக்குச் சைவமாக இருந்தாலும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கக்கூடும். "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதைச் சொல்லிக் கேளுங்கள். காலையில் சிறு கடைகளில் கிடைக்கும் பிஸ்ஸாரா, உலர்ந்த அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் தூவித் தரும் கஞ்சி. சூடான ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டால், பத்து திர்ஹாமுக்குள் வயிறு நிறைந்துவிடும்.

7. வழிகாட்டியை ஏற்பாடு செய்தல்

தூப்கால் ஏறுவதற்கு வழிகாட்டி கட்டாயம். 2018 டிசம்பரில் இம்லில் அருகே இரு வெளிநாட்டுப் பெண்கள் கொல்லப்பட்ட பிறகு இந்த விதி வந்தது. எவ்வளவு மலை அனுபவம் இருந்தாலும் தனியாக வருகிறவரைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நகர வழிகாட்டிக்கும் மலை வழிகாட்டிக்கும் தனித்தனி உரிமம். சதுக்கத்தில் என்னிடம் பேச்சுக் கொடுத்த ஒருவர், முன்பணம் கொடுத்தால் எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அட்டையைக் காட்டச் சொன்னதும் பேச்சை மாற்றினார். உரிமம் பெற்ற மலை வழிகாட்டியிடம் புகைப்படமும் எண்ணும் கொண்ட அரசு அட்டை இருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இம்லிலில் வழிகாட்டிகளின் அலுவலகமே இருக்கிறது. நீங்கள் தங்கும் இம்லில் விடுதி வழியாகவும் ஏற்பாடு செய்யலாம். வார இறுதியிலும் அக்டோபரிலும் கூட்டம் இருக்கும் என்பதால் பத்து நாள் முன்பே பேசிவிடுங்கள்.

பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேட்டு, குறுஞ்செய்தியாக எழுதி வாங்குங்கள்: கூலி ஆளுக்கா, குழுவுக்கா; வழிகாட்டியின் உணவும் படுக்கையும் அதில் அடங்குமா; கழுதை உண்டா; மலை விடுதிக்கு முன்பதிவு செய்வது யார். நாங்கள் இருவர் போனோம். வழிகாட்டிக்கு இரண்டு நாளுக்கு 1,200 திர்ஹாம், கழுதைக்கும் அதை நடத்துபவருக்கும் சேர்த்து 500, மலை விடுதியில் இரவு உணவும் காலை உணவும் சேர்ந்து ஆளுக்கு 400 ஆயிற்று. இறுதியில் அன்பளிப்பாக வழிகாட்டிக்கும் கழுதைக்காரருக்கும் தனித்தனியே கொடுத்தோம். ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

8. இம்லில் போய்ச் சேருதல்

மலைக்குப் பெரிய பெட்டி வேண்டாம். ரியாத்தில் வைத்துவிட்டு ஒரு முதுகுப்பையோடு கிளம்புங்கள். பெட்டியோடு கடவுச்சீட்டையும் வைத்துவிடாதீர்கள்.

ஊர்களுக்கிடையே ஓடும் பங்கு வண்டியான பெரிய டாக்சியில் ஆறு இருக்கைகளும் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். அஸ்னி, இம்லில் பக்கம் போகும் வண்டிகள் பாப் அர் ரோப் வாசலின் சுற்றுப்புறத்தில் நிற்கும். நிறுத்தம் இடம் மாறுவதுண்டு என்பதால் முந்தின இரவு ரியாத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு இருக்கையை "ப்ளாஸ்" என்கிறார்கள். நேராக இம்லிலுக்கு வண்டி நிறையாவிட்டால் அஸ்னி வரை போய் அங்கே மாறலாம். நாங்கள் காலை எட்டு மணிக்குப் போய் நின்றோம். நான்கு பேர் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. ஓட்டுநர் டிக்கியைத் திறந்தபடி வைத்து, கிளம்பும் ஊரின் பெயரை இடைவிடாமல் கூவிக்கொண்டிருந்தார். கடைசியில் காலியாக இருந்த இரண்டு இருக்கைகளுக்கும் நாங்களே பணம் கொடுத்ததும் அடுத்த நிமிடம் வண்டி நகர்ந்தது. ஆளுக்கு 50 திர்ஹாம் வீதம் இரண்டு இருக்கைக்குக் கூடுதலாக 100 ஆனது. அரை நாளை இழப்பதைவிட அது மேல். சனிக்கிழமை அஸ்னியில் வாரச்சந்தை கூடுவதால் அன்று காலையில் வண்டி விரைவில் நிறையும்.

பாதையோரத்தில் இடிந்த வீடுகளும் புதிதாக எழும் சுவர்களும் தென்படும். 2023 செப்டம்பர் 8 இரவு 6.8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் மையம் இந்த அல் ஹாவுஸ் மாகாணத்தில்தான் இருந்தது. அந்த வீடுகளில் உறவினரை இழந்தவர்கள்தான் உங்களுக்குத் தேநீர் ஊற்றித் தருகிறார்கள். இடிபாடுகளைப் படமெடுக்காதீர்கள், தங்குவதையும் உண்பதையும் இந்தச் சிற்றூர்களிலேயே வைத்துக்கொண்டால் பணம் நேராக அவர்களிடம் போகும்.

முதல் நாள் இம்லிலில் இரவு தங்குங்கள். ஊர் 1,740 மீட்டரில் இருக்கிறது, மலை விடுதி 3,207 மீட்டரில். மராக்கேஷிலிருந்து காலையில் கிளம்பி அன்றே விடுதிக்கு ஏறுகிறவர்களில் பலர் இரவெல்லாம் தலைவலியோடும் வாந்தியோடும் கிடக்கிறார்கள். இம்லில் வந்த பிற்பகலில் 2,279 மீட்டர் உயரமுள்ள திசி ந் தமாதெர்த் கணவாய் வரை மெதுவாக நடந்து திரும்பினால் உடல் பழகும். காலணி, கைத்தடி, படுக்கைப்பை, நெற்றி விளக்கு ஆகியவற்றை இம்லில் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். இரும்புப் பற்களை எடுத்தால் உங்கள் காலணியில் மாட்டி, கடை வாசலிலேயே நடந்து பாருங்கள்.

9. ஏறும் இரண்டு நாட்கள்

முதல் நாள் 1,467 மீட்டர் ஏற்றம், ஐந்து அல்லது ஆறு மணி நேரம். அரூமது ஊரைக் கடந்து, அகன்ற கல் படுகையில் நடந்தால் சாவடி வரும். பெரிய நோட்டுப் புத்தகம் ஒன்றில் பெயர், நாடு, கடவுச்சீட்டு எண், வழிகாட்டியின் அட்டை எண் எல்லாவற்றையும் பேனாவால் எழுதுகிறார்கள். நகலை ஏற்பதில்லை, கைபேசியில் உள்ள படத்தையும் ஏற்பதில்லை. நனையாத உறையில் அசலை இட்டு, கழுதையின் மேல் ஏற்றும் பையில் வைக்காமல் உங்கள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கழுதை உங்களுக்கு முன்னால் போய்விடும்.

2,310 மீட்டரில் சீதி ஷாம்ஹரூஷ் என்ற தலம். வெள்ளையடித்த பெரும்பாறையைச் சுற்றி அமைந்த அந்த இடத்துக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் பாலத்தைத் தாண்டிப் போகக் கூடாது. இப்பால் உள்ள கடைகளில் பாட்டில்களை அடுக்கி, ஊற்று நீரைக் குழாய் வழியே அவற்றின் மேல் ஓடவிட்டுக் குளிர வைத்திருப்பார்கள். நன்றாக ஓய்ந்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு மேல் பாதை செங்குத்தாகிறது. பனி கிடக்கும் மாதங்களில் கழுதை விடுதி வரை வராது என்பதையும் முன்பே கணக்கில் கொள்ளுங்கள்.

விடுதியில் பொது அறையில் வரிசைப் படுக்கைகள். ஈரக் காலணிகளின் வாடை, அடுப்பைச் சுற்றித் தொங்கும் காலுறைகள், ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கணைப்பு. காதடைப்பான் கொண்டுபோங்கள். மறுநாள் நான்கு மணிக்கு எழுந்து, விளக்கு வெளிச்சத்தில் 960 மீட்டர் ஏற வேண்டும். மூன்று மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை ஆகும். சரளைக் கற்கள் குவிந்த சரிவில் வைத்த அடி பாதி வழுக்கிக் கீழே வந்துவிடும், ஆகவே குட்டையான அடிகளாக வையுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லி இறங்கிவிடுங்கள். என் நண்பர் 3,800 மீட்டரில் நின்றுவிட்டார். 600 மீட்டர் இறங்கியதும் அரை மணியில் தெளிந்தார்.

உச்சி வேண்டாம் என்பவர்கள் இம்லிலில் இரண்டு நாள் தங்கிச் சுற்றுக் கிராமங்களில் நடக்கலாம், அல்லது ஊரிக்கா பள்ளத்தாக்கில் செத்தி ஃபத்மா அருவிகளுக்கு ஒரு நாளில் போய் வரலாம். அங்கே ஆற்றுக்குள்ளேயே நாற்காலி போட்டு உணவு பரிமாறுவார்கள். மலைமேல் கருமேகம் தெரிந்தால் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள். 1995 ஆகஸ்ட் மாதத் திடீர் வெள்ளம் பலரை அடித்துச் சென்றது அந்தப் பள்ளத்தாக்கில்தான்.

அவசர எண்கள்: நகரில் காவல்துறை 19, ஊர்ப்புறத்தில் ஜந்தார்மெரி என்ற காவல்படை 177, ஆம்புலன்ஸ் 15.

10. இறங்கி வருதல்

உச்சியிலிருந்து இம்லில் வரை ஒரே நாளில் ஏறத்தாழ 2,400 மீட்டர் இறங்குகிறீர்கள். பிற்பகல் நான்கு மணிக்குள் ஊரை அடையாவிட்டால் பங்கு டாக்சி கிடைப்பது சந்தேகம். தனி வண்டிக்கு 400 திர்ஹாம் ஆகும், அல்லது இன்னோர் இரவு தங்க வேண்டும். ஆகவே அன்று இரவு விமானம் பதிவு செய்யாதீர்கள். மறுநாளும் முழுதாக விட்டு, அதற்கடுத்த நாள் கிளம்பும்படி வையுங்கள்.

மிஞ்சிய திர்ஹாமை, நான்காம் பிரிவில் சொன்ன ரசீதைக் காட்டி யூரோவாக மாற்றலாம். விமான நிலையத்தில் இதைக் கடவுச்சீட்டுச் சோதனைக்கு முன்பே, வெளிக்கூடத்திலுள்ள மாற்று நிலையத்தில் முடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.